பின்கதவு

விடிவதற்கு முன் எழுந்தான். பல் துலக்கினான். பாலை அடுப்பில் வைத்தான். முந்தின நாள் சுட்ட ரொட்டியைத் துணியிலிருந்து பிரித்துப் பலகையில் வைத்து, பல் வைத்த கத்தியால் அறுத்தான். நடுவில் ஈரம் நின்றிருந்தது. அந்தத் துண்டுகளைத் தானே நின்றபடி தின்றான். வெந்த துண்டுகளைக் கல்லில் போட்டு இருபுறமும் வாட்டினான். முட்டையை வேகவைத்தான். கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கினான். எல்லாவற்றையும் டப்பாவில் அடுக்கி, மூடிமேல் சிவப்பு ரிப்பனைக் கட்டினான். சிவப்பு ரிப்பன் கட்டிய டப்பாவைப் பள்ளியில் வேறு யாரும் தொடக்கூடாது, மகளும் வேறு டப்பாவைத் தொடக்கூடாது. அது மனைவி போட்ட சட்டம்.

பிறகு மகளை எழுப்பினான். அவனுடைய நேற்றைய சட்டையைச் சுருட்டிக் கன்னத்துக்கு அடியில் வைத்துப் படுத்திருந்தாள். காலர் முனை வாய்க்குள் இருந்தது. மெதுவாக உருவினான். ஈரமாக வந்தது.

எதைக் கண்டாலும் கடிப்பாள் என்று அவளுக்கு எலி என்று பெயர் வைத்தது அவள் அம்மா.

"எலி, எந்திரி."

"ரொட்டியில ஓட்டை இருக்கா?"

"இருக்கு."

"அம்மா ரொட்டி மாதிரி பெரிய ஓட்டையா, உன் ரொட்டி மாதிரி ஊசி ஓட்டையா?"

"நடுத்தரமா."

"பொய்."

எழுந்தாள். வயிறு மட்டும் உப்பி, கையும் காலும் குச்சியாக இருந்தன. போன மாதம் இடுப்பில் நின்ற பாவாடையை இன்று ஊசி குத்தி நிறுத்த வேண்டியிருந்தது. தலை வாரும்போது சீப்போடு முடி வந்தது. சீப்பை அவளுக்குத் தெரியாமல் துடைத்தான்.

கோதுமை அவளுக்கு ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்பதில்லை. உள்ளே போனால் குடலின் உள்சுவரே தேய்ந்துவிடும். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மனைவி வீட்டில் ஒரு துளி கோதுமை மாவு வைத்ததில்லை. அரிசி மாவு, சோள மாவு, உருளைக்கிழங்கு மாவு என்று கலந்து கலந்து பார்த்து, செங்கல்லும் களிமண்ணுமாக எத்தனையோ ரொட்டிகளைக் குப்பையில் போட்டு, கடைசியில் ஒருநாள் பஞ்சு மாதிரி ஒன்றை எடுத்தாள். எலி தேறினாள். கன்னம் வைத்தது. மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. எலி மறுபடி இளைத்துக்கொண்டிருந்தாள்.

*

மருத்துவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கோதுமை உள்ள போகுது."

"வாய்ப்பே இல்ல டாக்டர்."

"நீங்க இல்லங்கறீங்க. குழந்தையோட ரத்தம் இருக்குங்குது. நான் யாரை நம்பறது? ஒரு துணுக்கு போதும். தினம் ஒரு துணுக்கு. எங்கேன்னு தேடுங்க. இப்படியே போனா வளர்ச்சி நின்னுடும்."

அறைக்குள் மனைவியின் அக்காவும் இருந்தாள். வீட்டுக்கு வந்து, எலியைப் படம் வரைய உட்கார வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"தம்பி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்கக்கா."

"உங்களால முடியல."

அவன் தலையாட்டினான்.

"நீங்க தலையாட்டாதீங்க, எனக்கு எரிச்சலா வருது. சண்டையாவது போடுங்க. ஆம்பளை ஒருத்தனா வேலைக்கும் போய், ரொட்டியும் சுட்டு, பின்னலும் போட்டு... நான் குறை சொல்லல. அவ போறப்போ என்ன சொன்னா? குழந்தையைப் பார்த்துக்கோன்னு சொல்லிட்டுப் போனா. அது எனக்கும் சேர்த்துத்தான் சொன்னது. எனக்கும் பொறுப்பு இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"லீவு வருதில்ல, என் வீட்டுல இருக்கட்டும். லீவு முடியறப்போ எடை பார்ப்போம். ஏறலைன்னா உங்ககிட்டயே விட்டுடறேன். ஏறியிருந்தா என்கிட்டயே வளரட்டும். நியாயம்தானே?"

அவன் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நியாயமாகத்தான் இருந்தது.

"நியாயம்தான்," என்றான்.

*

லீவுக்குக் கொஞ்ச நாள் இருந்தது. அதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கால் தரையில் பாவாமல் அலைந்தான். சல்லடையைத் தூக்கிப் போட்டான். மரக்கரண்டியைத் தூக்கிப் போட்டான். மரத்தில் பழைய மாவு ஏறியிருக்கலாம். மாவு அரைத்துத் தரும் மில்லுக்குப் போய், "எனக்கு முன்னாடி கோதுமை அரைச்சீங்களா?" என்று கேட்டான். மில்காரர், "உங்க சம்சாரம் வந்தப்பவே மெஷினைத் தனியா ஒதுக்கிட்டேனே சார், அந்தம்மாகிட்ட யாரு திட்டு வாங்கறது?" என்றார். பள்ளிக்குப் போய் ஆசிரியையிடம் விசாரித்தான். குழந்தைகள் பிசைந்து விளையாடும் வண்ணக் களிமண்ணில்கூடக் கோதுமை மாவு இருக்கும் என்று எங்கோ படித்திருந்தான். ஆசிரியை, "அதை அவங்கம்மா போன வருஷமே தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க," என்றாள். எங்கே போனாலும் அவனுக்கு முன்னால் மனைவி வந்து போயிருந்தாள்.

மற்ற நேரம் ரொட்டித் தொழிற்சாலையில் இருந்தான். உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். மாவு பிசையும் பகுதிக்கு மேற்பார்வை. மூட்டைகளை மேலே ஏற்றி, வாய் பிரித்துத் தொட்டியில் கவிழ்க்கும்போது வெள்ளைப் புகை எழும்பிக் கூரைவரை போய், அவசரமில்லாமல் இறங்கும். புருவத்தில், காதுமடலில், சட்டை மடிப்பில் உட்காரும். அங்கே வேலை செய்பவர்களுக்கு அது தெரிவதில்லை. மீனுக்குத் தண்ணீர் தெரியாத மாதிரி.

பிசையும் இயந்திரத்தை ஓட்டுபவருக்குப் பீரங்கி என்று பட்டப்பெயர். இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, வீட்டிலும் அப்படியே பேசுகிறவர்.

"என்ன சார், மூஞ்சி வெந்த கத்திரிக்காய் மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"பாப்பாவா?"

"ம்."

"ஆண்டவனுக்குக் குசும்பைப் பாருங்க. ஊருக்கெல்லாம் ரொட்டி போடறவர் வீட்டுல கோதுமை ஆகாத புள்ள. சாராயக்கடைக்காரன் வீட்டுல சாமியார் பொறந்த மாதிரி." அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். இறக்கிய குரலே பக்கத்துப் பகுதிக்குக் கேட்டது. "சாப்பிட்டீங்களா சார்?"

வேலை முடிந்ததும் அப்படியே வண்டியை எடுத்துப் பள்ளிக்குப் போவான். முன்பெல்லாம் மனைவி அழைத்து வருவாள். இப்போது எலி அவன் முதுகில் முகத்தைப் புதைத்து, பாதி வழியிலேயே தூங்கிவிடுவாள். தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு முன்கதவைத் திறந்து, அப்படியே கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான். அவள் விழிக்கும்வரை அசையமாட்டான். நாள் முழுவதிலும் அவனுடைய உடம்பு சும்மா இருந்தது அப்போது மட்டும்தான்.

*

"நானே பக்கத்துல நின்னு பார்க்கிறேன், எங்க தப்பு நடக்குதுன்னு," என்று ஒரு சாயங்காலம் அக்கா வந்து நின்றாள்.

சமையலறைக்குள் போனால் அவன் அறுவைச் சிகிச்சை செய்யப் போகிற ஆள். சட்டையைக் கழற்றி வெளியே மாட்டினான். முழங்கைவரை சோப்புப் போட்டான். தலையில் துணியைக் கட்டி, மனைவியின் ஏப்ரனை மாட்டினான். அதில் பூப் போட்டிருந்தது. அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

இசப்கோல் உமியைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூழாக இறுகியது.

"இது எதுக்கு? வயிறு சரியில்லைன்னா குடிக்கிறது இல்ல?"

"கோதுமையில இழுவை இருக்குக்கா. அதுதான் ரொட்டியைத் தாங்கும். இந்த மாவுல அது கிடையாது. இந்தக் கூழ்தான் பிடிச்சு நிறுத்தணும்."

முட்டை, கொஞ்சம் எண்ணெய், பொங்கிய ஈஸ்ட். சர்க்கரைக்குப் பதில் அரைத்த பேரீச்சம்பழம். மாவு பிசையும்படி வரவில்லை. கெட்டியான சேறு மாதிரி கரண்டியில் தொங்கியது. தகர அச்சில் வழித்துப் போட்டு, கையை நனைத்து மேலே தடவினான். அச்சின் மேல் ஈரத்துணியைப் போர்த்தி ஜன்னலோரம் வைத்தான். வெளியே தூறல். "ஈரக் காத்து. மேல எழும்பும், அப்புறம் உக்காந்துடும்," என்றான்.

"நீங்க எழுந்திருச்சு எழுந்திருச்சுப் பார்க்காம இருந்தாலே அது பாட்டுக்கு எழும்பும். உட்காருங்க."

உட்கார்ந்தான். எழுந்தான்.

"அப்பா பத்து தடவை பார்ப்பாரு பெரியம்மா. ரொட்டிக்கே பயம் வந்துடும்," என்றாள் எலி வாசலில் நின்று. அவளுக்கு உள்ளே வர அனுமதியில்லை. அவனுடைய சட்டை கதவுப் பிடியில் தொங்கியது. அதை முகத்தில் போட்டுக்கொண்டு பேய் விளையாடினாள்.

ரொட்டி வெந்து வந்தது. எலி அறுக்கச் சொல்லிக் குதித்தாள். சூட்டில் அறுத்தால் உள்ளே பசையாகிவிடும் என்று அவன் ஆறவைத்தான். அறுத்தபோது பாதிக்கு மேல் நன்றாகவே இருந்தது. அக்கா ஒரு துண்டை மென்றாள். மறுபடி கிள்ளி மென்றாள்.

"என் தங்கச்சி சுட்ட மாதிரியேதான் இருக்கு," என்றாள். பிறகு கோபமாக, "அப்ப எங்கதான் தப்பு?" என்றாள்.

அவளால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. தப்பு கிடைத்திருந்தால் திருத்தியிருப்பான்.

லீவு விட்டதும் எலி போனாள். அவனுடைய சட்டை ஒன்றைப் பைக்குள் திணித்திருந்தாள். அக்கா அதைப் பார்த்து, "அழுக்குச் சட்டை எதுக்குடி?" என்று வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, துவைத்த போர்வை ஒன்றை வைத்தாள். எலி அழுதாள். அவன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்ச நாள் வராதீங்க தம்பி. பார்த்தா அழுவா. பழகட்டும்."

ரொட்டி மட்டும் அவன் சுட்டான். அக்காவின் கணவர், அவனுடைய சகலை, காலையில் வேலைக்குப் போகுமுன் வந்து டப்பாவை வாங்கிக்கொள்வார். வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். நல்ல மனிதர். கூச்சத்தை மறைக்க ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்.

"சகல, உன் ரொட்டியில எனக்கு ஒரு துண்டு குடுக்க மாட்டேங்குறா உன் எலி. நேத்து திருடித் தின்னேன். நல்லாத்தான்யா இருக்கு."

"எப்படி இருக்கா?"

சகலை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கா. ராத்திரி வயித்து வலி இல்ல. ஓடறா. நேத்து ஊஞ்சல்ல நின்னுக்கிட்டே ஆடறா." பிறகு, ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி, "நாங்க ஒண்ணும் தனியா செய்யலப்பா. நீ குடுத்த ரொட்டி, நீ சொன்ன காய், அவ்வளவுதான்," என்றார்.

அதே மாவு. அதே கை. அதே அடுப்பு. அங்கே தின்றால் தேறுகிறாள், இங்கே தின்றால் இளைக்கிறாள். அவன் அன்று வேலைக்குத் தாமதமாகப் போனான். இயந்திரத்தின் பக்கத்தில் நின்று மாவுப் புகை இறங்குவதைப் பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை.

*

லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமை, "வாங்க, வந்து பாருங்க," என்று அக்காவே கூப்பிட்டாள். குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனான்.

எலி மாடிப்படியிலிருந்து குதித்து வந்து மேலே ஏறினாள். கனமாக இருந்தாள். தூக்கியதும் கை அதைச் சொல்லிவிட்டது. எடை பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அக்கா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெயித்தவள் முகமாக அது இல்லை.

எலி அவன் கழுத்தில் மூக்கை வைத்தாள். பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இது நீ இல்ல."

"ஏன்?"

"உன் வாசனை இல்ல. சோப்பு வாசனை வருது." காலர் முனையை வாயில் வைத்து ஒரு மெல்லு மென்று, துப்பினாள். "இது சப்புன்னு இருக்குப்பா. அந்தச் சட்டை இனிப்பா இருக்கும். ஃபாக்டரி சட்டை. அதைக் கொண்டு வந்தியா?"

"இனிப்பாவா இருக்கும்?"

"மொதல்ல ஒண்ணும் இருக்காது. மென்னுக்கிட்டே இருந்தா இனிக்கும்."

அவன் அவளைக் கீழே இறக்கினான்.

மாவை வாயில் வைத்து எச்சில் ஊற மென்றால் இனிக்கும். கல்லூரியில் முதல் வருடம் செய்த முதல் சோதனையே அதுதான். அதே மேசையில், அவனுக்குப் பக்கத்தில் நின்று, வாய் நிறைய மாவோடு சிரித்து அவன் மேலெல்லாம் துப்பியவளைத்தான் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என்ன தம்பி? ஏன் உக்காந்துட்டீங்க? தண்ணி வேணுமா?"

"தட்டுல இல்லக்கா."

"எது?"

"கோதுமை. தட்டுல இல்ல. என் மேல."

அக்காவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவுப் பிடியில் தொங்கிய சட்டை அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அவ இருந்தப்போ இது இல்லையே? அப்பவும் அதே வேலைதானே பார்த்தீங்க?"

"அப்ப பின்பக்கமா வருவேன். பின்னாடி குளியலறையில குளிச்சிட்டு, சட்டையை அங்கயே ஊற வச்சிட்டுத்தான் உள்ள வருவேன். அப்படித்தான் விடுவா. அவளுக்குச் சுத்தப் பைத்தியம்னு நான் நினைச்சேன்."

"இப்ப?"

"முன்பக்கமா வர்றேன்."

"ஏன்?"

அவன் காலர் முனையைத் துடைத்தபடி சொன்னான்.

அவள் விழுந்த அன்றும் பின்பக்கமாகத்தான் வந்தான். சமையலறையிலிருந்து அவள் குரல் கொடுத்தாள். சரி என்றான். குளிக்கப் போனான். வெயில் நாள், தண்ணீர் சுகமாக இருந்தது, நிறைய நேரம் நின்றான். துண்டோடு வெளியே வந்தபோது பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. அவள் தரையில் கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். உடனே பார்த்திருந்தால் என்று யாரோ ஆரம்பித்தார்கள். யாரோ அவர்களை அடக்கினார்கள். அதற்குப் பிறகு அவன் அந்தக் குளியலறைக்குள் போகவில்லை. காலி அட்டைப் பெட்டிகளையும் எலியின் பழைய தொட்டிலையும் உள்ளே அடைத்துப் பின்கதவுக்குத் தாழ் போட்டான். காலையில் முன்னறைக் குளியலறையில் குளித்தான். சாயங்காலம் குளிப்பதை விட்டுவிட்டான்.

அவன் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டாள். "அவ போறப்போ குழந்தையைப் பார்த்துக்கோன்னு சொன்னான்னீங்களே, அது..."

"நான் சொல்லலக்கா. வந்தவங்க யாரோ சொன்னாங்க. அப்புறம் நீங்க சொன்னீங்க. நான் இல்லைன்னு சொல்லல."

"அப்ப ஒண்ணும் சொல்லலையா?"

"வழக்கமா சொல்றதுதான் சொன்னா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஏமாந்த மாதிரி இருந்தது அவள் முகம். பிறகு எழுந்து போய் எலியின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். இரண்டு துணி மடித்தபின் சொன்னாள்:

"ஒரு மாசம். நானும் வந்து இருப்பேன். ஒரு மாசத்துல எடை இறங்கினா, நான் கேட்கவே மாட்டேன், தூக்கிட்டு வந்துடுவேன்."

"சரிக்கா."

"தலையாட்டாதீங்க!"

"ஆட்டலக்கா. சரிங்கறேன்."

*

அன்றைக்கே பின்பக்கக் குளியலறையைத் திறந்தான். தாழ் துருப்பிடித்து இறுகியிருந்தது. சுத்தியலால் தட்டினான். பெட்டிகளை வெளியே எடுத்தான். தொட்டிலை எடுத்தான். சோப்புக் கிண்ணத்தில் சோப்பு காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதிது வைத்தான். வீட்டிலிருந்த தலையணை, நாற்காலித் துணி, போர்வை எல்லாவற்றையும் வாளி வாளியாக அலசினான். சகலை வந்து பிழிந்து கொடுத்தார். "முறுக்கிப் பிழியறதுல என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது, உன் அக்கா குடுத்த பயிற்சி," என்றார்.

மறுநாள் பள்ளியிலிருந்து எலியை அக்காவே அழைத்து வந்துவிட்டாள். அவன் வண்டியை முன்வாசலில் நிறுத்திவிட்டு, சுவரோரமாக நடந்து பின்பக்கம் போனான். தொழிற்சாலையில் அன்று மூட்டை ஒன்று கிழிந்து விழுந்ததில் தலைமுதல் கால்வரை வெள்ளையாக இருந்தான். பின்கதவைத் தள்ளினான். சமையலறையில் அடுப்பில் பால் இருந்தது. அக்கா கேரட் சீவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா!"

எலி கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வராத! தொடாத!"

அவன் அவளிடம் அப்படிக் கத்தியதே இல்லை. எலி பாதியில் நின்றாள். உதடு பிதுங்கியது. அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏன்?" என்றாள் எலி.

"அம்மா சொல்லியிருக்கா."

"எப்போ?"

"கடைசியா."

எலி யோசித்தாள். "கடைசியா அம்மா என்னைப் பத்திச் சொன்னாங்கன்னு பெரியம்மா சொன்னாங்களே."

"ஆமா. உன்னைப் பத்தித்தான்."

"என்ன சொன்னாங்க? அம்மா சொன்ன மாதிரியே சொல்லு."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா முன்னால் மனைவி அவனை என்னங்க என்றுதான் கூப்பிடுவாள். ஒரு கால் படியிலும் ஒரு கால் வெளியிலுமாக நின்றான். புருவத்திலிருந்து மாவு உதிர்ந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அடுப்படியிலிருந்து கத்தினால் எப்படிக் கேட்குமோ அப்படியே சொன்னான்:

"டேய், அப்படியே உள்ள வராத. சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு, தலையையும் அலசிட்டு வா."